சேற்றில் மூடிய பானைத் துண்டு

வரலாறு எழுதும் எனக்கு, கூடப் போன அந்தத் தொல்லியல் ஆய்வாளரை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. வெயிலில் கருகிய கழுத்தும் பாம்பு கடித்த வடுவுள்ள காலுமாக, பழுகாமம் போகும் வழியெல்லாம் காட்டில் யானை துரத்திய கதையையும் வாவியில் தோணி கவிழ்ந்த கதையையும் அளந்தார். ஒன்றுக்கும் ஆண்டு சொல்லவில்லை. பானைத் துண்டு கிடைத்தால், பழசுதானா என்று அறிய நுனிநாக்கில் ஒட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

ஊர் வயல்வட்டை ஒன்றில் ஒரு துண்டை அப்படி ஒட்டிப் பார்த்தபோது, வயல்காரப் பெண் மண்வெட்டியோடு வந்தாள்.

“துப்புங்க சேர்! இண்டைக்குப் பழைய ஓடு எண்டுவீங்க. நாளைக்குத் தொல்பொருள் எண்டு பலகை நடுவாங்க, பொறகு வேலி. நாங்க எங்க விதைக்கிற? உங்கட தலையிலயா?”

“எந்தக் காலத்துத் துண்டு?” என்று நான் இடையில் கேட்டேன்.

“வாய மூடும் ஐசே. சரியான பழசு. அதுதான் பயமாயிருக்கு.”

என்னை அப்படி அடக்கிவிட்டு, அவர் துண்டைச் சேற்றில் போட்டுக் குதிகாலால் மிதித்து மூடினார்.

“போய் புத்தகத்தில எழுதுவீங்கதானே?” என்றாள் அவள், மண்வெட்டியை இறக்காமல்.

“வராது. நீங்க விதைங்க தங்கச்சி.”

அப்படியொரு துண்டைத் தேடித்தான் அவர் காடெல்லாம் அலைந்தவர். பிறகு வந்த அவருடைய புத்தகத்தில், சொன்னபடி அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சான்றைப் புதைத்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்த வயல்வட்டையின் பெயரை நானும் எங்கும் எழுதவில்லை.