ஆபா பார்த்த படங்கள்

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் முதல் பேச்சு படத்தைப் பற்றித்தான் இருக்கும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. துணி துவைத்து, கறி வாங்கிச் சமைத்து, பிள்ளைகளை அதட்டி முடித்த பிறகு யார் என்ன படம் பார்த்தார்கள் என்பது மறுநாள் பஸ்ஸில் வெளியே வந்துவிடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள் நாங்கள். நானும் ஆபாவும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்காருவோம்.

ஆபா என்றால் உருதுவில் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். கணவர் இறந்துவிட்டார், மகனோடும் மருமகளோடும் வாணியம்பாடியில் இருந்தார். நான் நாட்றம்பள்ளியில் ஏறிச் சாப்பாட்டுப் பையை வைத்துப் பக்கத்து சீட்டைப் பிடித்து வைப்பேன். வாணியம்பாடியில் அவர் ஏறி, புர்காவைச் சரிசெய்து உட்காருவதற்குள்ளேயே கேட்பார்.

"இன்னா பார்த்தே?"

நான் சண்டைப் படக்காரி. ஹீரோ அடித்தால் ஆள் பறக்க வேண்டும், இன்டர்வெலில் ஒரு திருப்பம் வேண்டும், அவ்வளவுதான். ஆபா பார்ப்பது வேறு மாதிரி. ஒருமுறை எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்திருந்தோம். அதில் ஹீரோவைத் துரத்திக்கொண்டு வருவார்கள். ஒரு சமையல்காரம்மா தன் வீட்டில் அவனை ஒளித்து வைப்பாள். வில்லன் ஆட்கள் அந்த வீட்டைக் கொளுத்திவிடுவார்கள். ஹீரோ தப்பித்து சென்னைக்குப் போய், காதலித்து, கடைசியில் ஜெயிப்பான். பஸ்ஸில் எல்லோரும் கிளைமாக்ஸ் சண்டையைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது ஆபா கேட்டார்.

"அந்தச் சமையல்காரம்மா இன்னா ஆனா?"

"தெரியல ஆபா. அதுக்கப்புறம் அவங்களுக்கு சீனே இல்லியே."

"அதான் கேக்கறேன். வூடு எரிஞ்சிடுச்சி. அன்னிக்கு அவ எங்க போயி படுத்தா? அத எவனும் காட்ட மாட்டான். இவனுக்கு மட்டும் மலை மேல பாட்டு!"

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படம் பார்த்தாலும் என் கண் ஓரத்தில் நிற்கிற ஆட்களிடம் போக ஆரம்பித்தது. டீ கொண்டுவருகிறவன், கல்யாண வீட்டில் பின்னால் நிற்கிற கிழவி. ஆபாவிடம் சொல்வதற்காகவே பார்த்தேன் என்று சொல்லலாம்.

ஆபாவிடம் மாற்றம் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு நினைவிருப்பது ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை. அந்த வாரம் எல்லோரும் செல்போனில் ஒரு அப்பா, மகள் படம் பார்த்திருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற மகள் ரயிலில் உட்கார்ந்திருப்பாள். அப்பா வருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். தன் கையிலிருக்கிற வாட்ச்சைக் கழற்றி, ஜன்னல் வழியாக அவள் கையில் கட்டிவிட்டுப் போய்விடுவார். அதைச் சொல்லும்போதே எனக்கு முன்சீட்டில் இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

ஆபா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா அப்பன் அவன்? கல்லு மாதிரி இருந்துட்டான். பொண்ணு அப்டி அழுவுது, ஒரு வார்த்த பேசல. கூட்டினு போவ வந்தானா, சும்மா வந்தானா, ஒண்ணும் புரியல."

"வாட்ச்ச கட்டி வுட்டாரே ஆபா!"

"எந்த வாட்ச்?"

எல்லோரும் சிரித்தார்கள். "நல்லா தூங்கிட்டீங்களா ஆபா?" என்று கேட்டது நான்தான். அவரும் சிரித்தார். "ஆமாம்மா, தூங்கிட்டேன் போல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொல்கிற அபிப்பிராயங்கள் சுருங்கிவிட்டன. பாட்டு நல்லா இருந்துச்சு, அந்த வில்லன் குரல் பேஜாரு, சத்தம் ஜாஸ்தி. இப்படித்தான் சொல்வார். ஆபாவுக்குப் படத்தில் ஆசை போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

அதே நாட்களில்தான் வேலையிலும் அவருடைய தையல் தப்ப ஆரம்பித்தது. தோலில் போட்டிருக்கிற கோட்டின் மேலேயே ஊசி போகவேண்டும். அவருடையது வளைவு வரும் இடத்தில் வெளியே ஓடிவிடும். பீஸை என் பக்கம் நகர்த்தி, "கொஞ்சம் பாரும்மா, சரியா வந்துகீதா?" என்பார். நான் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். முதலில் ஒருநாளைக்கு ஒன்று, இரண்டு. பிறகு பத்துக்கு மேல் போனது. ஏன் என்று நான் கேட்கவில்லை. வயசாகிறது, அலுப்பு என்று நானே ஒரு பதிலை வைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் வந்தால் பீஸை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். நாலு மாதம் இப்படி ஓடியது. உதவி செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்த வருடம் ஒரு பெரிய படம் வந்தது. வெகுநாள் கழித்து நாங்கள் இரண்டு பேரும் ஞாயிறு மதியக் காட்சிக்கு ஆம்பூரில் தியேட்டருக்குப் போனோம். படியேறும்போது ஆபா என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருட்டு என்று நினைத்தேன். படம் ஆரம்பித்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்ப வந்தது யாரு?"

"வில்லனோட தம்பி."

"இப்ப?"

"அவனேதான் ஆபா, சட்ட மாத்திகினு வந்துகிறான்."

பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்றார். இன்டர்வெலில் விளக்குப் போட்டார்கள். பாப்கார்ன் வாங்கிவந்து நீட்டினேன். அவர் கை பொட்டலத்துக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் போய் மூடியது. மறுபடி நீட்டினார். மறுபடியும் தப்பியது.

"ஆபா, என்னத் தெரியுதா?"

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்குதும்மா. தலய சாச்சிப் பார்த்தா ஓரத்துல கொஞ்சம் தெரியும்."

"எத்தினி நாளா?"

"ரம்ஜானுக்கு முன்னாடிலருந்து."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா மிஷின வுட்டு எழுப்பிடுவாங்க. உனுக்குத் தெரியாதா?"

வீட்டுக்குப் போகலாம் என்றேன். கேட்கவில்லை. "டிக்கெட் வாங்கியாச்சி, உக்காரு. நான் காதால கேக்கறேன்." மீதிப் படத்தில் திரையில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆபா முகத்தைத் திரைப்பக்கம் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் லீவு சொல்லிவிட்டு அவரை வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காலையில் கண்ணில் மருந்து விட்டார்கள். எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. சின்ன வயது டாக்டரம்மா, பொறுமையாகப் பேசினார். சர்க்கரை கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது, வலது கண்ணில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, இடது கண்ணில் மிச்சமிருப்பதை ஊசி போட்டு நிறுத்தப் பார்க்கலாம் என்றார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு ஆபா புர்காவின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர்.

ஆறு மாதம். அதில் நாலு மாதம் நான் அவருடைய தையலைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். முதல் வாரமே சூப்பர்வைசர் கண்ணில் பட்டிருந்தால் திட்டியிருப்பார். கண்ணைக் காட்டிவிட்டு வா என்று விரட்டியிருப்பார். திரும்பிவரும்போது பஸ்ஸில் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"என்னாலதான் ஆபா..."

"நீ இன்னா பண்ணுவே? நான்தான கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவேயில்லை.

கம்பெனியில் தெரிந்ததும் அவரை மிஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேஜையில் போட்டார்கள். கத்தரிக்கோல் நூலுக்குப் பதில் தோலை வெட்டியது. சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. "கண்ணு சரியானதும் வாங்கம்மா" என்றார். சரியாகாது என்பது அவருக்கும் தெரியும். அவர் ஸ்டூலில் போட்டு உட்காருகிற சின்ன மெத்தையையும் சாப்பாட்டு டப்பாவையும் நான்தான் பையில் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று ஊசி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் மகன் வேலைக்கு லீவு போடவேண்டியிருந்தது. நாலாவது ஊசிக்குப் போகவில்லை. ஒரு வருடத்துக்குள் இடது கண்ணும் போய்விட்டது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போய்ப் படக்கதை சொல்ல ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. யாரும் பேசாத காட்சிகளை விடாமல் சொன்னேன். யார் எங்கே நிற்கிறார்கள், கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவரும் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார், படத்தில் வருகிறவர்களைத் திட்டுவார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்து கேட்பாள். ஒருநாள் பாதிக் கதையில் ஆபா என் கையைத் தொட்டார்.

"நிறுத்தும்மா."

"சரியா சொல்லலியா ஆபா?"

"நீ நல்லாத்தான் சொல்ற. எனக்குத்தான் ஆளு வரமாட்டேங்குது. ஹீரோன்னு சொல்ற, மூஞ்சி வரல. பொண்ணுன்னு சொல்ற, அதுவும் வரல. எல்லாம் பொகை மாதிரி நிக்குது. நேத்து என் புள்ள மூஞ்ச நெனச்சிப் பார்த்தேன். பாதிதான் வந்துச்சி."

"போவப் போவ வரும் ஆபா."

"வராதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை போனேன். எண்ணெய் விலை, பேரக் குழந்தைக்கு வந்த காய்ச்சல் என்று பேசினோம். படத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பேச்சு முடிந்த பிறகு இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்தச் சும்மா இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிறு விட்டேன், பிறகு ஒரு மாதம் விட்டேன். பக்ரீத்துக்குப் போனது கடைசி.

போன வாரம் போன் செய்தேன். மருமகள் எடுத்தாள். போனை ஆபாவிடம் கொண்டுபோவது கேட்டது. ஆபா உருதுவில் என்னவோ சொன்னார். அன்றைக்கு "வராதும்மா" என்று சொன்ன அதே குரல். மருமகள் திரும்பி வந்தாள்.

"பேச்சு வேணாம்னு சொல்றாங்கக்கா. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

"சரி, வெச்சிடும்மா" என்றேன். அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை.