இரண்டு விசிலுக்கு நடுவே

ஆடி மாதம் எனக்கு ஆகாது. மேற்கிலிருந்து வரும் காற்று அருப்புக்கோட்டைத் தெருக்களின் புழுதியை எல்லாம் அள்ளிக் கொண்டுபோய்த் திருச்சுழிப் பக்கம் கொட்டும். போகிற வழியில் என் மூக்குக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுப் போகும். அந்த மாதம் முழுக்க என் வெளிவேலைகளைக் கிழக்குப் பக்கமாகவே வைத்துக்கொள்வேன். காற்றே முதுகைப் பிடித்துத் தள்ளிவிடுவதால் பாதி மூச்சிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். திரும்புவதற்கு பஸ் இருக்கிறது. மேற்கே குலசாமி கோயில் திருவிழா என்று பத்திரிகை வந்தால் ஒரு மணியார்டரோடு சரி. சொந்தக்காரர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். திமிருக்கும் கொஞ்சம் மூச்சு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

பதினான்கு வருஷமாக இப்படித்தான். என் இடது நுரையீரல் முழுதாக விரிவதில்லை. வலது மட்டும் குடும்பத்தின் மூத்த பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பேர் வேலையையும் பார்க்கிறது.

இடது சுருங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக வீரசோழனுக்கு ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நெட்டையாக, ஒடிசலாக இருப்பேன். அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் இது அதிகம் வரும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அதுவரை என் உயரத்தை ஒரு தகுதி என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வீரசோழனில் பஸ் மேல் ஏறி, மிளகாய் வத்தல் மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு ஏணியில் இறங்கினேன். பாதி ஏணியில் இடது விலாவில் யாரோ கோணி ஊசியால் குத்தியது போல இருந்தது. நான் கீழே வந்துவிட்டேன். மூச்சு வரவில்லை.

"என்னலே முழிக்கிற? மேல எதையும் விட்டுட்டியா?" என்றார் டிரைவர் அண்ணன்.

சுற்றி நின்றவர்கள் பார்த்த மாத்திரத்தில் வாயுக்கோளாறு என்று முடிவு செய்து ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்கள். காற்று உள்ளே போகவில்லை என்றவனுக்குக் காற்றடைத்த தண்ணீர். குடித்தேன். ஏப்பம் வந்தது. "பாத்தியா, வாயுதான்" என்று எல்லோருக்கும் பரம திருப்தி.

மதுரைப் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விளக்கினார். நுரையீரலில் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்க வேண்டிய காற்று வெளியே வந்துவிட்டது. வெளியே வந்த காற்று சும்மா இருக்காமல் நுரையீரலைச் சுற்றி நின்று அதையே நெருக்குகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. சந்தை நாளில் எங்கள் பஸ் படிக்கட்டில் நடப்பதுதான். கூட வந்திருந்த டிரைவர் அண்ணன் அவர் பாணியில் புரிந்துகொண்டார்.

"பஞ்சர்னு சொல்லுங்க சார். ஒட்டுப்போட்டா ஓடுமா?"

"ஓடும். ஆனா ஓவரா காத்து அடிக்கக் கூடாது. லோடும் ஏத்தக் கூடாது" என்றார் டாக்டர். அவர் வீட்டிலும் சைக்கிள் இருந்திருக்க வேண்டும்.

விலாவில் குழாய் போட்டு மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். நுரையீரல் விரிந்தது, முழுசாக இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பயிற்சி சொன்னார் டாக்டர். இரண்டு பெரிய கண்ணாடிப் புட்டிகள். இரண்டையும் ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றில் தண்ணீர் நிரப்ப வேண்டும். இன்னொரு குழாயை வாயில் வைத்து ஊதினால் அந்தத் தண்ணீர் அடுத்த புட்டிக்குப் போகும். ஒரே மூச்சில் முழுத் தண்ணீரும் போகும் நாளில் வேலைக்குப் போகலாம்.

அந்த நாள் வரும்வரை முதலாளி காத்திருக்க வேண்டுமே. அவர் நல்லவர்தான், ஆனால் பஸ் வைத்திருப்பவர். என் கண்டக்டர் பை அதற்குள் அவருடைய மச்சினன் தோளில் ஏறியிருந்தது.

"ஒன்னய வேணாம்னு சொல்லல தம்பி. பொங்கல் கழிஞ்சு வா. பஸ்ஸை நிறுத்த ஒரு விசிலு, எடுக்க ரெண்டு விசிலு. ஊதிக் காமிச்சிட்டுப் பையை வாங்கிக்க. ஊத முடியலன்னா எம்மேல வருத்தப்படக் கூடாது."

கையால் தகரத்தைத் தட்டலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பஸ் அடிக்கிற சத்தத்தில் தகரம் ஏற்கனவே தானாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தது. 'போலாம் ரைட்' என்று கத்துவது விசிலைவிட அதிகம் மூச்சு கேட்கும். ஒரு காலத்தில் கயிறு கட்டிய மணி ஒன்று இருந்தது. பயணிகள் அந்தக் கயிற்றில் கோழிகளைத் தொங்கவிட்டு, கோழி சொன்னபடி பஸ் நிற்க ஆரம்பித்ததும் முதலாளி அதை அறுத்துவிட்டார். ஆகவே விசில்தான். வேறு வேலை எதுவும் தெரியாத, கல்யாணமாகி ஒரு வருஷமே ஆன எனக்கு, அந்த இரண்டு ஊதலில்தான் சோறு இருந்தது.

தினமும் காலையும் மாலையும் வாசல் பக்கம் உட்கார்ந்து ஊதினேன். தண்ணீர் நகர்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. என் மனைவி பக்கத்து வீட்டுச் சாயப்பட்டறையிலிருந்து மிச்சச் சாயம் கொஞ்சம் வாங்கி வந்து கலந்தாள். புடவைக்குப் போடும் நல்ல அரக்குச் சாயம். இப்போது நான் எவ்வளவு குறைவாக ஊதுகிறேன் என்பது தெருமுனையிலிருந்தே தெரிந்தது.

தெருமுனையிலிருந்து வேறு ஒருவருக்கும் தெரிந்திருக்கிறது. அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கள்ளச்சாராயத்துக்குப் போடும் வேலம்பட்டை ஊறல் எந்த நிறத்தில் இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பெரிய புட்டி, ரப்பர் குழாய், அரக்கு நிறத் தண்ணீர், பகல் முழுக்கக் குளுகுளுச் சத்தம், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் ஒரு வாலிபன். நானே பார்த்திருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன்.

தெருவையே அடைத்துக்கொண்டு ஏட்டையா வந்து நின்றார்.

"யோவ், பட்டப்பகல்ல வாசல்ல வச்சுக் காய்ச்சுறியே, ஒனக்கு எம்புட்டுத் துணிச்சல்?"

நான் குழாயை வாயிலிருந்து எடுத்து, "இல்ல ஏட்டையா... நுரையீரலு..." என்பதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. அவர் அதைப் போதை என்று எடுத்துக்கொண்டார்.

"அவுகளுக்கு மூச்சு வராதுங்க. இது பயிற்சி" என்று உள்ளேயிருந்து வந்தாள் மனைவி.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான் சொல்றாக. பயிற்சியா, சாராயமான்னு நான் பாத்துக்கிறேன்."

"அது சாயங்க! வாயில வைக்காதீக!"

வைத்துவிட்டார். விரலை விட்டு எடுத்து, நாக்கில் தடவி, கண்ணை மூடி ரசித்தார். பிறகு ஒரு மடக்கும் குடித்தார். சாட்சியம் முழுமையாக இருக்க வேண்டுமல்லவா. துப்பியபோது மீசையின் கீழ்ப்பாதி, உதடு, பல், எல்லாம் புதுப்புடவை நிறத்துக்கு வந்துவிட்டன.

"வெளுத்தா போகுமாம்மா?" என்று கேட்டார், குரல் இறங்கி.

"எங்க தெருச் சாயம் போகாதுங்க" என்றாள் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள், பாவம்.

டாக்டரின் சீட்டைக் காட்டினேன். படித்தார். அப்புறம் அந்தப் புட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றவர், "எங்க, நகரு" என்று உட்கார்ந்து, குழாயைத் துடைத்துவிட்டு ஒரு ஊது ஊதினார். நான் ஒன்றரை மாதமாகக் கால் புட்டி கால் புட்டியாக நகர்த்திக்கொண்டிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் அடுத்த புட்டிக்குப் போய், அங்கிருந்து பொங்கி என் மடியிலும் வழிந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார். அதுவரை நான் அழவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. அதற்கும் மூச்சு பற்றாததால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

பொங்கல் கழிந்தது. அப்போதும் முக்கால் புட்டிதான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காலை பஸ். முதலாளி முன் சீட்டில் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய மச்சினன் பையோடு பக்கத்தில் நின்றார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் இந்த ஒரு விஷயத்தில் சட்டம் மாதிரி. இரண்டாவது விசில் கேட்காமல் அவர் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

முதல் விசில் ஊதினேன். நன்றாக, நீளமாக, நானே நம்ப முடியாதபடி வந்தது. அந்தப் பெருமையில் இருந்ததை எல்லாம் அதிலேயே கொட்டிவிட்டேன்.

இரண்டாவதுக்கு ஒன்றும் மிச்சமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் அண்ணன் கியரைப் போட்டுக் காலை அழுத்தி வைத்திருந்தார். பஸ் நடுங்கிக்கொண்டு நின்றது. என்னைத் தவிர பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடைவெளியில் வெற்றிலைக்கட்டோடு ஒரு கிழவர் ஓடிவந்து ஏறினார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் ஏறினாள். அப்புறம் ஸ்டாண்டின் அந்தக் கோடியிலிருந்து, ஒரு கையால் பெல்ட்டையும் மறு கையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, அரக்கு மீசையோடு ஏட்டையா உருண்டு வந்தார். அவர் இரண்டாம் படியில் காலை வைத்தபோது எனக்கு மூச்சு வந்து சேர்ந்தது. ஊதினேன். பஸ் புறப்பட்டது.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "ஊதிட்ட. இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு காப்பி குடிச்சிட்டு வந்துரலாம் போலயே?"

எனக்கு முன்னால் ஏட்டையா பேசினார். ஓடிவந்ததில் அவருக்கும் இரைத்தது. முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே அளவு மூச்சில் இருந்தோம்.

"கொறை சொல்லாதீக முதலாளி. என்னய இப்பத் திருச்சுழி ஸ்டேஷனுக்கு மாத்திட்டாக, எட்டு மணிக்கு டூட்டி. ஒங்க மச்சினரு போன வாரம் ரெண்டு நாளு நான் கையக் காட்டக் காட்ட விட்டுட்டுப் போனாரு. இவரு நின்னாரு."

"நின்னது அவரா, அவரு மூச்சா?" என்றார் மச்சினன்.

"எது நின்னா என்னலே? நான் ஏறிட்டேன்ல?"

டிரைவர் அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மூணு பேரு ஏறியிருக்காக முதலாளி. எனக்கு ரெண்டு விசிலு கேட்டுச்சு. நடுவுல எம்புட்டு நேரம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

முதலாளி ஏட்டையாவின் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதற்கு அந்த நிறம் என்று கேட்க நினைத்தவர், போலீஸ்காரரிடம் கேட்பது நல்லதல்ல என்று விட்டுவிட்டார் போல. "மாப்ள, பையைக் கழத்திக் குடுங்க" என்றார்.

வீட்டில் மனைவி இரண்டு புட்டிகளையும் கழுவி நல்லெண்ணெய் ஊற்றி வைத்தாள். எண்ணெய் இன்னும் லேசாக அரக்கு நிறத்தில்தான் தெரிகிறது.

அதன்பிறகு அந்தத் தடத்தில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஓடிவருகிறவர்களுக்காக நிற்கிற நல்ல மனசுக்காரர். வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், எனக்கு ஈரநெஞ்சு என்று பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நான் மறுக்கவில்லை. மறுப்பதற்கு நீளமான வாக்கியம் தேவைப்பட்டது. இவர்கள் எல்லோரையும் நான் ஏமாற்றுகிறேன் என்று உள்ளூரக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி, நிறையப் பெருமை.

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து புழுதி அடங்கியது. மார்பு லேசானது. ஒரு நாள் காலை திருச்சுழி நிறுத்தத்தில் முதல் விசிலை ஊதினேன். அடுத்தது தயாராக வாயிலேயே நின்றது. சந்தோஷத்தில் அதையும் உடனே ஊதிவிட்டேன். பஸ் ஜோராகக் கிளம்பியது. பின்னால் பெரிய கூப்பாடு. தயிர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஓடிவந்துகொண்டிருந்தார். நிறுத்த ஒரு விசில் ஊதினேன்.

ஏறியவர் பானையை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்யா, ஒடம்பு தேறிருச்சோ ஒனக்கு?"

"கொஞ்சம் பரவாயில்லைம்மா."

"நல்லா பரவாயில்ல! மொத விசிலு கேட்டப்பெறகுதான நான் பானையவே தூக்குறேன்? ஒன் மூச்ச நம்பித்தான்யா இந்த ஊரே வீட்ட விட்டுக் கெளம்புது. சொல்லாமக் கொள்ளாம இப்படிச் சொகமாயிட்டா நாங்க என்ன செய்ய?"

பஸ்ஸே தலையாட்டியது. எல்லோருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. நல்ல மனசு என்று ஊர் சொன்னது மரியாதைக்குத்தான்.

அடுத்த நிறுத்தத்தில் முதல் விசிலை ஊதிவிட்டு நின்றேன். நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. தூரத்தில் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னலே, மூச்சு வரலையா?"

"இன்னும் வரலண்ணே, கொஞ்சம் பொறுங்க, வந்ததும் ஊதுறேன்" என்றேன், ஒரே மூச்சில்.