என் ஜோக்குக்குச் சிரித்தவர்

காளவாசலில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். களைப்பு ஏற ஏற எனக்கு ஜோக் சுரக்கும். வீட்டில் அதை வியாதி என்பார்கள்.

தூக்கம் வரவில்லை என்று ஜவுளிக்கடை விற்பனையாளர் ஒருவர் சில வாரங்களாக வந்தார். நாளெல்லாம் பிறர் அழுகையைக் கேட்டு நான் ஓய்ந்துபோயிருக்கும் மாலை நேரம் அவருடையது. அவர் பேச்சு நின்றால் ஒரு ஜோக் விடுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார். ஆள் தேறிவிட்டார் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் கிளம்பும்போது, கதவருகே நின்று, "இனிமே வரல சார்" என்றார்.

"ஏண்ணே, சரியாப் போச்சா?"

"கடையில வர்ற அம்புட்டுப் பேருக்கும் பகல் பூராம் சிரிச்சுக் காட்டுறேன். இங்க வந்து ஒங்களுக்கும் சிரிக்கத் தெம்பில்ல சார்."

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "உக்காருங்கண்ணே, நான் வாயே தொறக்கல" என்றேன். வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகுதான், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னார். அன்றே மனநல மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். அவர் கதவருகே நிற்காமல் படியிறங்கியிருந்தால்?

இப்போது தேறி வருகிறார். இதை எழுதச் சொன்னதும் அவர்தான். யாராவது பேச்சை நிறுத்தினால் இப்போதெல்லாம் நானும் சும்மா இருக்கிறேன். வாய்வரை வந்த ஜோக்குகளை விழுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்கிறேன். அங்கே எனக்காக யாரும் சிரித்ததே இல்லை என்பதால் ஆபத்தில்லை.