மணவாளன் கண்டுபிடித்த எல்லைக்கல்

நெல்லிக்குப்பத்துக்கு மேற்கே கரும்பு பயிரிட்ட மணவாளனின் வாழ்க்கையை யாராவது எழுதி வைக்காவிட்டால் நீதித்துறைக்குப் பெருநஷ்டம். மற்றவர்கள் கோயிலுக்குப் போகிற பக்தியோடு அவர் கோர்ட்டுக்குப் போனார். வேண்டுதல் மட்டும் ஒன்றும் பலித்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் அவர் வழக்காடியது சொந்த மைத்துனரோடு. மனைவி தில்லையம்மாளின் அண்ணன் காசிநாதனோடு. இருவர் நிலத்துக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை. எனது என்றார் இவர், எனது என்றார் அவர். எல்லைக்கல்லைக் காணோம். கடலூர் முன்சீப் கோர்ட்டு பாதையைக் காசிநாதனுக்கே கொடுத்தது. அவர் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். மணவாளனின் கரும்பு, சர்க்கரை ஆலைக்குப் போக வேறு வழி கிடையாது.

"கரும்பு பூத்துப் போச்சுங்க, இன்னும் வெட்டாம வெச்சா சாறு வத்திடும். அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்த கேக்கறேன்" என்றாள் தில்லையம்மாள்.

"மச்சான்கிட்ட கையேந்தறதா? சட்டம் என்னாத்துக்கு இருக்குது?"

சட்டம் சிதம்பரத்தில் இருந்தது, வக்கீல் குமாஸ்தா பழனிவேலிடம். "புதுசா ஆதாரம் கெடைச்சா அதே கோர்ட்டு தீர்ப்பைத் திரும்பப் பாக்கும் மாமா. ஆனா, முன்னாடி எவ்ளோ தேடியும் கெடைக்கலன்னு காட்டணும்."

'ஆனா'வுக்கு முன்னாலேயே மாமாவின் மனம் பஸ் ஏறிவிட்டது.

மறுநாள் கிணற்றடியில் குளிக்கும்போது அவர் தற்செயலாகக் குனிந்தார். காலடியில் எல்லைக்கல்! முன்னொரு உழவில், மச்சான் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளலாம் என்று அவரே பிடுங்கி, நல்ல கல் வீணாகக் கூடாதே என்று துணி துவைக்கப் போட்டது. வாய்தா வாய்தாவாக ஊர் முழுக்கத் தேடிய கல்லின்மேல் நின்றுதான் அவர் தினமும் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

மறு ஆய்வு மனு போட்டார். விசாரணையன்று, கரும்பு ஏற்ற வேண்டிய வண்டியில் கல்லை ஏற்றிக்கொண்டு கடலூர் போனார். காசிநாதன் வரவில்லை, அவருடைய வக்கீல்தான் எழுந்து கேட்டார்.

"இந்தக் கல் எங்க கெடைச்சுது?"

"எங்கூட்டுக் கெணத்தடியிலங்க."

"கேஸ் நடந்தப்பவும் அங்கதான் இருந்துதா?"

"ஆமாங்க. சம்சாரம் அதுலதான் தொவைக்கும்."

"அப்ப கல்லுமேல நின்னுக்கிட்டே கல்லைத் தேடியிருக்கீங்க. சரி, நெலத்துல எந்த எடத்துல இருந்துதுன்னு எப்படிச் சொல்வீங்க?"

மணவாளன் நெஞ்சை நிமிர்த்தினார். "நல்லாக் கேட்டீங்க! புடுங்குனதே நான்தானே!"

அவருடைய சொந்த வக்கீல் கேஸ் கட்டை மூடிவிட்டார். மனு தள்ளுபடி. எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றம் என்று முன்சீப் எச்சரித்தார். கல்லைக் கோர்ட்டும் வைத்துக்கொள்ளவில்லை; வந்த வண்டியிலேயே திரும்பியது.

ஊர் வந்து பார்த்தால், பாதையில் முள்ளைக் காணோம். மணவாளனின் கரும்பை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முன்மாட்டைப் பிடித்து நடந்தவர் காசிநாதன். மணவாளன் கடலூரில் சட்டத்தை நிலைநாட்டிக்கொண்டிருந்தபோது, தில்லையம்மாள் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டிருந்தாள்.

மணவாளனின் கண் பளபளத்தது. "பாத்தியாடி? பாதையில நம்ம வண்டி போவுது! இதவிட என்னா புது ஆதாரம் வேணும்?"

"மெதுவாப் பேசுங்க. அண்ணன் காதுல விழுந்தா முள்ளு திரும்ப வந்துடும்" என்றாள் தில்லையம்மாள். "மொதல்ல அந்தக் கல்லை எறக்குங்க. காலையிலேருந்து துணி ஊறிக் கெடக்குது."