சகலை இடத்தில் வந்த சிக்கன் கடை

உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் சிக்கன் கம்பெனி இடம் தேடி வந்தபோது முதலில் பார்த்தது என் மனையைத்தான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், பரோட்டாவும் பொரித்த கோழியும் விற்கிற என் கடை அங்கேதான் இருக்கிறது. டேப்பைப் பிடித்து அளந்த கம்பெனி ஆள், "முகப்பு அகலம் பத்தாது சார்" என்று சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளியிருந்த என் சகலையின் இடத்துக்குப் போய்விட்டார். மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். அங்கே அப்போது வெறும் சிமென்ட் குடோன்தான்.

சீசனுக்குள் கண்ணாடிச் சுவரோடு கடை எழும்பிவிட்டது. அருவியில் குளித்து ஈரத்தலையோடு வருகிறவர்கள் என் கடையைத் தாண்டிப் போய் அங்கே காரை நிறுத்தினார்கள். திறப்பு விழாவன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். "எல்லாம் ஐஸில் கிடந்த பழைய கறி" என்று என் வாடிக்கையாளர்களிடம் சொன்னேன். நான் அந்தக் கறியைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

மகள் தன் பிறந்தநாளுக்கு அங்கேதான் போகவேண்டும் என்றாள். போனோம். ஆர்டர் எடுக்க ஆள் இல்லை, ஆளுயரத் திரை ஒன்று நின்றது. எங்கே தொட்டாலும் வேறு ஏதோ வந்தது. பின்னால் வரிசை நீண்டது. மூலை மேசையில் இருந்த சகலை எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, இங்கன தொடுங்க. எனக்கும் மொதல்ல இப்படித்தான் ஆச்சு."

அவர் கேலி செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

குறை கண்டுபிடிக்கவே கோழியைக் கடித்தேன். நன்றாக இருந்தது. "நம்ம மசாலா வாசம் இதுல எங்க இருக்கு?" என்றேன்.

"நம்ம கடையில ஒருநாள் உப்பு கூடுது, ஒருநாள் காரம் கூடுதுப்பா" என்றாள் மகள். "மதுரையில சாப்பிட்டப்பவும் இது இதே மாதிரிதான் இருந்துச்சு."

எங்களோடு உட்கார்ந்திருந்த சகலை கேட்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவந்து உப்பையும் மிளகாய்த்தூளையும் எடைபோட்டுக் கலந்தேன். அதுவரை எல்லாம் கை அளவுதான். "என்ன அண்ணாச்சி, நகைக்கடை வைக்கப்போறீயளா?" என்றார் பரோட்டா மாஸ்டர். ஒரு மாதம் கழித்து, பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து வழக்கமாக வரும் டெம்போ டிரைவர், "இப்பல்லாம் ருசி மாறாம இருக்கே" என்றார். எனக்கே தோன்றிய யோசனைபோலத் தலையாட்டினேன். சகலையிடம் இதைச் சொல்லவில்லை. பழைய கறி என்று நான் சொன்னதை யாரிடமும் திருத்தவும் இல்லை.

இன்றும் பைக்கில் சகலையின் இடத்தைத் தாண்டும்போது வாசலில் நிற்கிற கார்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை. மனைவி பின்னாலிருந்து முதுகில் தட்டுவாள்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."