கட்டாமல் விட்ட பூப்பொட்டலம்

அம்மனையே குறை சொல்கிறேன் என்பார்களோ என்று இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன்.

பிளஸ் டூ முடித்த என் மகள் பொன்னேரியில் மீன்வளம் படிக்க ஆசைப்பட்டாள். என் வீட்டுக்காரரோ இன்ஜினியரிங்குக்குச் சிவப்புப் பூ, நர்சிங்குக்கு வெள்ளைப் பூ என்று இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார்.

"என் ஆசைக்கு இன்னா பூ, நைனா?" என்றாள்.

"நாங்க மீன் நாத்தத்துல கெடக்கறது போதாதா? அம்மன் சொல்றதுதான்."

பூசாரி எடுத்தது சிவப்பு. பிடிக்காத படிப்பைப் பாதியில் விட்டவள், இன்று மீஞ்சூர் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள். கேட்டால், "அம்மன் உத்தரவு" என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்கிறார்.

காலேஜுக்கு அப்ளிகேஷன் போடும் பெற்றோரே, முதலில் பிள்ளையைக் கேளுங்கள். இதை யாரிடம் சொன்னாலும் மாற்றாமல் சொல்லுங்கள்: அம்மன் ஏமாற்றவில்லை. மூன்றாவது பொட்டலத்தை நாங்கள்தான் கட்டவில்லை.