போளி இறங்கும் இடம்

தாணுலிங்கம் அத்தானுக்கு நடக்கப் பிடிக்காது என்று ஸ்ரீவராகம் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. அவருக்குப் பிடிக்கும்; அவருடைய வலது முழங்காலுக்குத்தான் பிடிக்காது. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதி எழுதி, உட்கார்ந்தே பழகிய கால் அது. நாலு வீடு தாண்டுவதற்குள் நின்று, யாருடைய வாசல் தூணையாவது பிடித்துக்கொண்டு, ஏதோ அந்த வீட்டுக்காரரைப் பார்க்கத்தான் வந்ததுபோல, “என்ன, சுகம்தானா?” என்று விசாரிப்பார். இதனால் தெருவில் அவருக்கு நல்ல மனுஷன் என்று பெயர்.

இப்படிப்பட்டவருடைய வீட்டுக்குத்தான் மகள் ஆர்யா ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தாள். அவளுடைய ஆபீஸ் கார் நிறுத்தத்தில் கிடந்ததாம். பருப்புப் போளியின் மஞ்சள் நிறம், காது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கருகல். போளி என்று பெயர் வைக்க யாரும் யோசிக்கவேயில்லை. வைத்துவிட்டு ஆர்யா பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். நாயைத் தினமும் வெளியே கொண்டுபோகும் வேலை அத்தானிடம் வந்தது. அவர் தம் பழைய ஸ்கூட்டரை எடுத்தார்.

“நாயை நடத்தணும்னு டாக்டர் சொன்னாரு. இவரு நாயை ஓட்டிட்டுல்லா போறாரு” என்பாள் என் அக்கா பகவதி.

போளி ஸ்கூட்டரின் முன்பலகையில், அத்தானின் கால்களுக்கு நடுவே, நெஞ்சை நிமிர்த்தி உட்காரும். தெப்பக்குளத்தைச் சுற்றி, மணக்காடு வரை போய் வருவார்கள். வண்டி இடப்பக்கம் திரும்பினால் போளியும் இடப்பக்கம் சாயும். பால் பூத்தில் வண்டி நின்றால் முதலில் இறங்குவது போளிதான். விளக்குக் கம்பத்தைக் கவனித்துவிட்டு, அத்தான் பால் கவரோடு வருவதற்குள் ஏறி உட்கார்ந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு விஷயமும் ஆர்யாவால் வந்ததுதான். லீவுக்கு வந்தவள் தோழிகளோடு வெள்ளாயணிக் காயலுக்குப் போனாள். பைகளைப் பார்த்துக்கொள்ள அத்தான் கூடப் போனார். ஒரு பெண் வராமல் போனதில் ஒரு கயாக் காலியாக இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்களைத் தண்ணீரில் கூட்டிப்போகிற சுதீஷ், “சாரே, காலை நீட்டி உக்காருங்கோ. பாக்கி கை பாத்துக்கும்” என்று பிடித்து உட்காரவைத்துத் தள்ளிவிட்டான்.

பஹ்ரைனில் இருந்த எனக்கு அன்று மத்தியானமே அத்தானிடமிருந்து போன்.

“மாப்ளே, எல்லாவனையும் முந்திட்டேன்! அந்தப் பயலுவ வாறதுக்கு நான் காத்துக் கெடந்தேன் பாத்துக்கோ. நான் மத்தவனுக்காகக் காத்துக் கெடக்கது இதாக்கும் முதல் தடவை.”

“அத்தான், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“பின்னே?”

“அதுக்குத்தானே மெதக்குற ஜாக்கெட் தந்திருக்கான்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் போனார். கரையிலிருந்து கயாக்கில் ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஏறிவிட்டால் அவரைப் பிடிக்க ஆளில்லை. வாரம் முழுக்க ஏதாவது ஒரு தூணைப் பிடித்து நிற்கிறவருக்கு, எதையும் பிடிக்காமல் முன்னால் போக ஒரே ஓர் இடம் கிடைத்திருந்தது. அக்கா சொன்னாள்: “திங்கக்கிழமை காலையிலே அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைக்குன்னு கேக்காரு.”

தகராறு வீட்டில் ஆரம்பித்தது. ஸ்கூட்டர் தன்னை விட்டுவிட்டுப் போகிறது என்பதைப் போளியால் தாங்க முடியவில்லை. அத்தான் தெரு முனை திரும்பியதும் ஊளையிட ஆரம்பித்து, திரும்பி வரும்வரை நிறுத்தாது. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாள், ஞாயிறு காலையில் அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“பகவதி, நான் நாய்க்கு விரோதி இல்லேடி. ஆனா அது மத்யமத்துல போய் நின்னுடறது. கொழந்தேள் என்னை விட்டுட்டு அதைக் கேட்டுப் பாடறதுகள். ஒருத்தி சொல்றா, மாமி, புதுசா பாடறவா ஸ்ருதி சுத்தமா இருக்காங்கறா. நான் எங்க போய் முட்டிக்கறது?”

“சொல்லுதேன் மாமி.”

“சொன்னாப் போறாது. ஞாயித்துக்கிழமை ஒண்ணு நான் பாடணும், இல்லே அது பாடணும். இல்லேன்னா கவுன்சிலர்ட்டே போறதைத் தவிர வழியில்லே.”

அக்கா தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னாள். “நாயைக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா வீட்டுல கெடங்க.”

அந்தச் சமயத்தில்தான் நான் லீவில் வந்து இறங்கினேன். நாய்க்கு ஆரஞ்சு நிறத்தில், முதுகில் கைப்பிடி வைத்த ஒரு மிதவைச் சட்டையை ஆர்யா அனுப்பியிருந்தாள். நானும் கட்டாயம் வரவேண்டும் என்றார் அத்தான். சுதீஷின் இரட்டைக் கயாக்கில் முன்சீட்டு எனக்கு. என் மிதவைச் சட்டையின் கொக்கிகளை இழுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டேன்.

“முங்குறதுக்கு வேண்டியது உண்டு அண்ணா” என்றான் சுதீஷ், வெகு சமாதானமாக.

புறப்பட்டோம். போளியின் அழகைச் சொல்லி மாளாது. அத்தானுடைய கயாக்கின் முன்னால், ஸ்கூட்டரில் உட்காருவதுபோலவே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, வலப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் சாய்ந்தது. அதற்கு ஈடாக அத்தான் இடப்பக்கம் சாய்ந்தார். “கண்டியா மாப்ளே, பெறந்ததிலேருந்து தண்ணியிலே வளந்தவன் மாதிரி!” என்றார்.

தாமரைக் காட்டுக்குப் பக்கத்தில் சுதீஷ் எல்லாரையும் நிறுத்துவான். அங்கே பறவைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு உண்டு. கூட்டத்தில் ரத்னாபாய் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். குடம் மாதிரி லென்ஸ் வைத்த காமிராவோடு, இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் நீலக்கோழி ஒன்றுக்காக வாரம் தவறாமல் வருகிறவர். எல்லாரும் துடுப்பை மடியில் வைத்தார்கள். அத்தானும் வைத்தார். கயாக் மெல்ல நின்றது.

போளி இறங்கியது.

குதிக்கவில்லை, விழவில்லை. பால் பூத்தில் இறங்குவதுபோல, ஒரு காலை எடுத்து வெளியே வைத்து இறங்கியது. ரோடு இப்படி இருக்கும் என்று அது எதிர்பார்க்கவில்லை என்பது, மேலே வந்தபோது முகத்தில் தெரிந்தது. அத்தான் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். போளி உடம்பை உதறிவிட்டு உட்கார்ந்தது. கயாக் நின்றுதான் இருந்தது என்பதைக் கவனித்தது. மறுபடியும் இறங்கியது.

நீலக்கோழிகள் மட்டுமல்ல, அந்தப் பக்கத்திலிருந்த கொக்குகளும் எழுந்து பறந்துவிட்டன.

“என்னவாக்கும் இது?” என்றார் ரத்னாபாய். “பறவை பாக்க வந்தோமா, நாயைக் குளிப்பாட்ட வந்தோமா?”

“கட்டி வச்சா என்னடே?” என்று அத்தான் சுதீஷைக் கேட்டார்.

“கட்டப்பிடாது சாரே. கயாக் மறிஞ்சா நாய் அடியிலே மாட்டிக்கும்.” சுதீஷ் தலையைச் சொறிந்தான். “இன்னும் ஒரு சண்டே கூடப் பாப்போம். எறங்காம இருந்தா போளி மெம்பர். எறங்கினா, சாரு மாத்திரம் வாங்கோ.”

“நான் மாத்திரம் வர முடியாதே” என்றார் அத்தான். கரைக்குத் திரும்பும்வரை அவர் யாரையும் முந்தவில்லை.

அந்த வாரம் வீட்டு முற்றத்தில் பயிற்சி நடந்தது. ஒரு நீள பெஞ்சில் அத்தான் காலை நீட்டி உட்கார்ந்து, தென்னந்துடைப்பத்தால் காற்றில் துழாவுவார். முன்னால் மிதவைச் சட்டையோடு போளி. துடைப்பம் அசையும்வரை நாயும் அசையாது. துடைப்பம் நின்றதும் இறங்கி, போய் மாமரத்தைக் கவனிக்கும். பிஸ்கெட் கொடுத்தால், பிஸ்கெட்டைத் தின்றுவிட்டு இறங்கும். மதில் மேலாக எட்டிப் பார்த்த கோமதியம்மாள், “அவருக்கு ஒண்ணுமில்லையே?” என்று அக்காவிடம் தனியாக விசாரித்தார்.

சனிக்கிழமை ராத்திரி அத்தான் சொன்னார்: “ஒரு வழி உண்டு. நிக்காம இருக்கணும். அவ்வளவுதான்.”

ஞாயிறு காலை ஸ்கூட்டரில் போளி முன்னால், நான் பின்னால், என் மடியில் மிதவைச் சட்டைகள். பைபாஸ் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. ஹெல்மெட் இல்லாமல் நிற்கிறோமே, போலீஸ் பார்த்தால் என்ன ஆகும் என்று நான் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது: போளி இறங்கவில்லை.

“அத்தான், நாய் ஏன் எறங்கல்லே?”

“சிக்னல்லே எதுக்கு எறங்குகான்? வண்டி ஆஃப் ஆகல்லியே.”

சொல்லிவிட்டு அவர் அப்படியே இருந்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவர் அசையவில்லை. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, “எந்தா சேட்டா, உறங்கிப் போயோ?” என்று கேட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. காயல் வருவதற்குள் அவர் இரண்டு முறை உதட்டைக் குவித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வண்டிகள் வருவதைக் கண்டு விட்டுவிட்டார்.

தாமரைக் காடு வந்தது. எல்லாரும் நின்றார்கள். அத்தான் நிற்கவில்லை. மற்ற கயாக்குகளைச் சுற்றி, கோயில் பிராகாரத்தில் போவதுபோல வலம்வர ஆரம்பித்தார். போளி வலப்பக்கம் சாய்ந்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அவர் எழுப்பிய அலையில் நாங்கள் எல்லாரும் ஆடினோம். நான் கயாக்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“சாரே, சுத்தாதீங்கோ, தலை சுத்துது!” என்று கத்தினான் சுதீஷ்.

“போட்டோ எல்லாம் ஆடிப் போச்சு!” என்றார் ரத்னாபாய். “நில்லுமய்யா!”

அத்தான் எங்களைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். துடுப்பை மடியில் வைத்தார். கயாக் வேகம் குறைந்து நின்றது. போளி எழுந்து, முன்காலை விளிம்பில் வைத்தது.

தாணுலிங்கம் அத்தான் வாழ்க்கையில் விசில்கூட அடித்தவர் இல்லை. மண்டியில் அவரோடு உரக்கப் பேசவே ஆட்கள் யோசிப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்தார்.

“ட்ட்டுர்ர்ர்ர்ர்ர்ர்...”

விளிம்பிலிருந்த கால் அப்படியே நின்றது. காதுகள் பின்னால் திரும்பின. போளி காலை உள்ளே எடுத்து, திரும்ப உட்கார்ந்து, சிக்னல் விழுவதற்குக் காத்திருப்பதுபோல நேராகப் பார்த்தது.

சுதீஷ்தான் முதலில் தெளிந்து, நீலக்கோழியின் குணங்களைச் சொல்ல ஆரம்பித்தான். ஆனால் அவனுடைய சொற்பொழிவைவிட அத்தானுடைய மூச்சு சிறியது. மூச்சு வாங்க நிறுத்தினார். நாயின் கால் விளிம்புக்குப் போனது. மறுபடி “டுர்ர்ர்”, கால் உள்ளே வந்தது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, அவர் என்னைப் பார்த்தார். ஸ்ரீவராகத்தில் எத்தனையோ தூண்களை அவர் பிடித்து நின்று நான் பார்த்திருக்கிறேன். அன்று தண்ணீரில் அவருக்கு வாய்த்த தூண் நான்தான்.

“ட்டுர்ர்ர்ர்” என்றேன். என் குரல் நடுங்கியது. போளி திரும்பி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது. வண்டி சர்வீசுக்கு விட வேண்டியிருக்கிறது என்று நினைத்திருக்கலாம். ஆனால் இறங்கவில்லை. அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டு சேர்ந்துகொண்டார். இப்படி நானும் அவரும் மாறி மாறி வண்டியை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது ரத்னாபாய் கையைத் தூக்கினார்.

“நிறுத்தாதீங்க! ரெண்டு பேரும் நிறுத்தாதீங்க!”

தாமரை இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு நீலக்கோழி வெளியே வந்து, பெரிய சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து எங்கள் முன்னால் நடந்தது. காயலை ஒட்டிய புஞ்சக்கரி ரோட்டோரத்துப் பறவை அது. மனிதர்கள் பேசாமல் நின்றால்தான் அதற்குப் பயம் போலிருக்கிறது, ஸ்கூட்டர் சத்தம் அதற்குத் தினசரி வழக்கம். ரத்னாபாயின் காமிரா விடாமல் கிளிக்கிக்கொண்டிருந்தது.

“சுதீஷே,” என்றார் கண்ணை எடுக்காமல், “அந்த நாயை மெம்பராக்கிப் போடு.”

“ஆக்கியாச்சு டீச்சரே” என்றான் சுதீஷ். “ஆனா சாரே, நான் பேசும்போ கொஞ்சம் ஸ்லோவிலே போடணும், கேட்டேளா?”

திரும்பும்போது அத்தான் எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு கரைக்குப் போய்க் காத்திருந்தார். கயாக்கின் முன்பகுதி மணலில் ஏறியதும் வாயை மூடினார். போளி முறைப்படி இறங்கி, உடம்பை உதறி, அங்கிருந்த தென்னையைக் கவனிக்கப் போனது. அத்தானை நானும் சுதீஷும் இரண்டு பக்கமும் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா.

“என்னாச்சு? எறங்கிச்சா?”

“எறங்கல்லே” என்றார் அத்தான். உதடு மரத்துப்போய் வார்த்தை குழறியது.

“பொய் சொல்லாதீங்க. என்ன செஞ்சீங்க?”

“அது வந்து...” அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போனை வாயருகே வைத்து, “ட்டுர்ர்ர்ர்ர்” என்றார்.

தென்னையடியில் போளி தலையைத் தூக்கியது. மண் பறக்க ஓடிவந்து, கயாக்கில் ஏறி, முன்னால் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டது.

அத்தான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை என் கையில் தந்துவிட்டு, எங்கள் தோளைப் பிடித்து மெல்லத் திரும்பவும் கயாக்கில் உட்கார்ந்தார்.

“ஏறிட்டானே மாப்ளே. இனி எறங்குடேன்னு எப்படிச் சொல்ல?”

சுதீஷ் தள்ளிவிட்டான்.

“என்னடே அங்க சத்தம்?” என்று போனில் அக்கா கேட்டாள். “எங்க போறாரு? தோசை ஆறுதுன்னு சொல்லு.”

சொன்னேன். வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.